வேலை துவங்குமுன் விளைவை ஆராய்தல்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்: ஆரல்வாய்மொழியை உதாரணமாகக் கொண்டது

1. பாடத்தின் நோக்கம்

கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் அங்கத்தினர் கடன் கேட்டு மனுக் கொடுத்தால், நிர்வாகக் குழுவினர் உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. கடன் எதற்கு, நிலம் எவ்வளவு, தண்ணீர் வசதி உண்டா, முன் வாங்கிய கடன் தீர்ந்ததா, ஜாமீன் யார், அறுவடைக்குப் பின் தவணை செலுத்தக் கூடுமா என்று விசாரித்து, விடைகளை எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகே தீர்மானம் செய்கிறார்கள். இவ்விசாரணை மனுதாரரை அவமதிப்பதற்காக அன்று. பணம் கைமாறிய பிறகு கேட்கும் கேள்வியால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்பதே இதற்குக் காரணம்.

ஒரு குடும்பத்தின் கடன் விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதை அவசியமானால், ஊர் முழுவதையும் தொடுகின்ற அணை, சாலை, கற்சுரங்கம், ஆலை முதலிய பெரு வேலைகளில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அத்தகைய வேலை நிலத்தையும், நீரையும், காற்றையும், பயிரையும், கால்நடையையும், மக்களின் ஜீவனத்தையும் எவ்வாறு மாற்றும் என்பதை, மண்வெட்டி தரையில் படுவதற்கு முன்பே ஆராய்ந்து எழுதுவதற்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர்.

கடனுக்கும் பெரு வேலைக்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. கடனில், வாங்கியவரே திருப்பிச் செலுத்துகிறார். பெரு வேலையிலோ, லாபம் ஒருவருக்கும் நஷ்டம் வேறொருவருக்கும் போய்ச் சேரலாம். மலையடிவாரத்தில் கல் உடைப்பவருடைய கணக்குப் புத்தகத்தில் வெடிமருந்தின் விலை இருக்கும், கூலி இருக்கும், லாரி வாடகை இருக்கும். ஓடை அடைபட்டதால் வறண்டுபோன கடைமடை வயலின் நஷ்டம் அந்தப் புத்தகத்தில் ஏறுவதேயில்லை. அந்நஷ்டத்தைக் கடைமடை விவசாயி செலுத்துகிறார். அவர் செலுத்த முடியாத போது, அவருக்குக் கடன் கொடுத்த சங்கம் செலுத்துகிறது. ஆகவே கணக்கில் ஏறாத செலவைக் கணக்கில் ஏற்றுவதே இம்மதிப்பீட்டின் சாரம். இது கூட்டுறவுச் சங்கத்தாருக்கு அந்நியமான விஷயமன்று.

2. இம்முறை தோன்றிய வரலாறு

முன் காலத்திலும் குளம் வெட்டுவோர் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தே வெட்டினர். எனினும், ஆராய்ந்து எழுதியாக வேண்டும் என்று சட்டத்தினால் கட்டாயப்படுத்தும் முறை முதலில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏற்பட்டது. அந்நாட்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் 1970 ஜனவரி 1ஆம் தேதி ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்டார். அதன் பின் பல தேசங்கள் இம்முறையைக் கைக்கொண்டன. 1992இல் ரியோ டி ஜெனிரோ நகரில் கூடிய உலக மாநாடும் இதனைத் தன் கொள்கைகளுள் ஒன்றாக ஏற்றது.

நம் தேசத்தில், சட்டம் வருவதற்கு முன்பே ஒரு சிறந்த உதாரணம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் நிகழ்ந்தது. பாலக்காட்டுப் பகுதியில் அமைதிப் பள்ளத்தாக்கு என வழங்கும் மழைக்காட்டில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சார அணை கட்ட உத்தேசித்திருந்தனர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்தோர் 1979இல் அத்திட்டத்தின் வரவு செலவுகளை ஆராய்ந்து பிரசுரம் வெளியிட்டனர். காட்டின் அருமையை மட்டும் சொல்லி அவர்கள் நின்றுவிடவில்லை. அதே மின்சாரத்தை வேறு வழியில் பெறக் கூடுமா என்ற கேள்வியையும் எழுப்பினர். நெடு விவாதத்திற்குப் பின் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வேறு வழி உண்டா என்று கேட்பது திட்டத்தை எதிர்ப்பதாகாது. அது ஆராய்ச்சியின் முதற் கடமை என்பது இதனால் விளங்கும்.

1984 டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் 1994 ஜனவரி 27இல் வெளியான அறிவிக்கை, பட்டியலில் கண்ட வேலைகளுக்கு முன் அனுமதி பெற வேண்டுமென்று விதித்தது. அதற்குப் பதிலாக 2006 செப்டம்பர் 14இல் விரிவான வேறோர் அறிவிக்கை வெளியாயிற்று. அதன் பின் பல திருத்தங்கள் செய்யப்பட்டிருப்பினும், நடைமுறைக்கு அடிப்படை அதுவே.

3. ஆரல்வாய்மொழியின் இயல்பு

எந்த வேலையின் விளைவையும் அறிய வேண்டுமாயின், முதலில் அவ்விடத்தின் இயல்பை அறிய வேண்டும். ஒரே வேலை ஓரிடத்தில் நன்மையாகவும் மற்றோரிடத்தில் தீமையாகவும் முடிவதுண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தாழ்ந்து முடியும் தறுவாயில், அம்மலையிடையே உள்ள கணவாயில் ஆரல்வாய்மொழி அமைந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டிற்குள் நுழைவோருக்கு இதுவே வாயில். 1809 பிப்ரவரியில் கும்பினிப் படையும் இவ்வாயிலில் இருந்த அரண்களைத் தாண்டியே திருவிதாங்கூருக்குள் புகுந்தது. மனிதருக்கு வாயிலாக இருப்பது போலவே காற்றுக்கும் இது வாயில். தென்மேற்குப் பருவக் காற்று மலையின் இரு கைகளுக்கு நடுவே நெருக்குண்டு, வேகம் மிகுந்து இவ்வழியே பாய்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் இவ்வூர்ச் சாலையில் நடந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

நீரின் இயல்பு வேறு. கன்னியாகுமரி ஜில்லாவுக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. ஆயினும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளைக் காட்டிலும் தோவாளைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி வறண்டது. 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீரும், பின்னர் எழுந்த பெருஞ்சாணி அணையின் நீரும் சானல்கள் வழியே நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்கு வருகின்றன. சானல் எட்டாத இடங்களில், மலையிலிருந்து இறங்கும் சிற்றோடைகளே குளங்களுக்குக் கதி. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்திற்குப் போகிறது. மேலே ஒரு சிற்றோடை அடைபட்டால் கீழே வரிசையாக எத்தனை குளங்கள் பாதிக்கப்படும் என்பதை அந்தந்த ஊர் விவசாயிகளே அறிவார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இருபோக நெல்லும், தோவாளைச் சந்தைக்குப் போகும் பூவும் இந்நீர் ஒழுங்கையே நம்பி விளைபவை.

காற்று மிகுதி, நீர் அருமை, குளங்கள் சங்கிலியாக இணைந்தவை என்ற இம்மூன்றும் இவ்விடத்தின் இயல்பு. இங்கே நடக்கும் ஒவ்வொரு வேலையையும் இம்மூன்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

4. காற்றாலைகள்

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் தொடங்கிக் காவல்கிணறு, பணகுடி வரை காற்றாலைகள் நிறைந்திருக்கின்றன. முப்பந்தலைச் சூழ்ந்த இக்கூட்டத்தின் திறன் சுமார் 1,500 மெகாவாட் என்று மதிப்பிடுவர். இந்தியாவின் பெருங் காற்றாலைத் தொகுதிகளுள் இது ஒன்று.

இதனால் விளைந்த நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றாலை நிலக்கரியை எரிப்பதில்லை; புகை விடுவதில்லை; தண்ணீரைக் குடிப்பதில்லை. மானாவாரியாகக் கிடந்த நிலத்திற்கு விலை ஏற்பட்டது. காவல் வேலை, பராமரிப்பு வேலை முதலியனவும் சிலருக்குக் கிடைத்தன.

எனினும், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இடம் பெறவில்லை. அது புகையற்றதாதலின் முன் அனுமதி வேண்டாம் என்பது கருத்து. புகையில்லை என்பது மெய். ஆனால் ஒரு காற்றாலையை நிறுத்துவதற்குப் புகைபோக்கி வேண்டாமேயன்றி, ஆழமான அஸ்திவாரம் வேண்டும். நீண்ட இறகுகளை ஏற்றி வரும் வண்டிகளுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் அகன்ற பாதை வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கம்பிப் பாதை வேண்டும். அப்பாதை மேடாக எழுப்பப்பட்டு, குறுக்கே செல்லும் சிற்றோடைக்குப் போதிய குழாயோ மதகோ வைக்கப்படாவிடில், மழை நீர் திசை மாறும். ஒரு பாதையால் வரும் மாறுதல் சிறிதாயிருக்கலாம்; நூறு பாதைகளால் வரும் மாறுதல் சிறிதன்று. பறவைகள் இறகிலும் கம்பியிலும் மோதுவதும், வீடுகளுக்கு அண்மையில் இரவில் கேட்கும் ஓசையும் ஆராய வேண்டிய பிற விஷயங்கள்.

இக்கேள்விகளைக் கேட்பதற்கு இப்போது மறுபடியும் ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. முற்காலத்தில் நிறுவிய சிறு காற்றாலைகள் வயதாகிவிட்டன. அவற்றை நீக்கிப் பெரியவற்றை நிறுவுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு சர்க்கார் 2024இல் வெளியிட்டனர். பெரிய இயந்திரத்திற்குப் பெரிய பாதை வேண்டும். பழைய அஸ்திவாரம் என்னவாகும், கழற்றிய இறகுகள் எங்கே போகும், பாதை போடும்போது ஓடைகளுக்கு எத்தனை மதகு, முன்பு அடைபட்ட ஓடை இப்போதாவது திறக்கப்படுமா என்பவற்றை நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும் அங்கத்தினர் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே கேட்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒப்பந்தம் கட்டாயப்படுத்தலாம். கையெழுத்திட்ட பின் அந்த வலிமை அவருக்கு இராது.

5. பொய்கை அணை

ஆராய்ச்சி என்பது தீமையைத் தேடுவதற்கு மட்டுமன்று. உத்தேசித்த நன்மை உண்மையில் கைகூடுமா என்று சோதிப்பதற்கும் அதுவே கருவி.

ஆரல்வாய்மொழிக்கு அண்மையில் மலையடிவாரத்திலுள்ள பொய்கை அணை சுற்றுப்புற விவசாயிகளின் நன்மைக்காகவே கட்டப்பட்டது. அதன் கொள்ளளவு மட்டம் சுமார் 42 அடி. ஆயினும் ஜில்லாவின் பிற அணைகள் நிரம்பி வழியும் காலத்திலும் பொய்கை பல வருஷங்களில் நிரம்பாமலே இருந்திருக்கிறது. ஓடை நீரை அணைக்குத் திருப்ப வேண்டும், வரத்துக் கால்களைச் சீர்படுத்த வேண்டும் என்று விவசாயிகள் வேண்டிவருவதும் புதிதன்று.

ஓர் அணையின் பலம் அதன் கரையில் மாத்திரம் இல்லை; அதற்கு நீர் தரும் மலைச்சரிவிலும் ஓடைகளிலும் இருக்கிறது. எந்தெந்த ஓடை எத்தனை நாள் ஓடுகிறது, நல்ல மழை வருஷத்தில் எவ்வளவு, பஞ்ச வருஷத்தில் எவ்வளவு, அந்நீரை இப்போது யார் அனுபவிக்கிறார்கள், அணை கட்டினால் அவர்களுக்கு என்ன வழி, ஓடை வழி மாறினால் அதைச் செப்பனிடுவது யார் பொறுப்பு ஆகிய கேள்விகள் எந்த நீர்த்தேக்கத்திற்கும் பொதுவானவை. சங்கம் ஒரு பண்ணைக்குட்டை வெட்டக் கடன் கொடுப்பதாயினும் இதே கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும்.

6. கற்சுரங்கமும் செங்கற்சூளையும்

வீடு கட்டக் கல்லும் செங்கலும் வேண்டும். அவற்றை அறவே கூடாதென்பது நியாயமன்று. ஆனால் எங்கிருந்து, எவ்வளவு, எவ்வளவு காலம் என்பதே கேள்வி.

ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கு முன்பு சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படவில்லை. ஆதலின் ஒரு பெரிய நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் குத்தகை எடுத்தால் ஆராய்ச்சியிலிருந்து தப்பக்கூடிய நிலை இருந்தது. 2012 பிப்ரவரி 27இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் முன் அனுமதி வேண்டுமென்று உத்தரவிட்டது. இதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. பத்துச் சுரங்கங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது. ஒரே மலையடியில் சேர்த்துப் பார்த்தால் பெரியது. லாரிகள் ஓடும் சாலை ஒன்று. தூசு படியும் தோட்டம் ஒன்று. வெடி அதிர்ச்சியைத் தாங்கும் வீடும் ஒன்றே. இப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்குத் திரள் விளைவு என்று பெயர்.

செங்கற்சூளைக்கு மண் எடுப்பதிலும் நுட்பம் உண்டு. குளத்தில் படிந்த வண்டலை அளவோடு எடுப்பது நன்மையே. குளம் ஆழமாகும், வண்டல் வயலுக்கு எருவாகும். ஆனால் மடையின் அடிமட்டத்திற்குக் கீழே பள்ளம் தோண்டினால், அப்பள்ளத்தில் தேங்கும் நீர் மடை வழியே வயலுக்கு ஏறாது. நீரைப் பிடித்து வைத்திருக்கும் களிமண் அடுக்கையும் வெட்டிவிட்டால், தேங்கிய நீர் கீழே இறங்கிவிடும். வயலின் மேல்மண்ணை விற்பதும் இவ்வாறே. ஒரு முறை பணம் கிடைக்கும்; வளமான மேல்மண் மறுபடி உண்டாக மனிதர் ஆயுள் போதாது. அவ்வயலின் பேரில் பயிர்க் கடன் கொடுத்த சங்கம் இதைக் கவனியாமல் இருக்கலாகாது.

7. சட்டம் வகுத்த நான்கு படிகள்

2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பெரிய வேலைகள் ‘அ’ வகை என்றும் ஏனையவை ‘ஆ’ வகை என்றும் பிரிக்கப்படுகின்றன. முதல் வகைக்கு மத்திய அமைச்சகமும், இரண்டாம் வகைக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமும் அனுமதி வழங்கும். படிகள் நான்கு.

முதலாவது, வகைப்படுத்தல்: ‘ஆ’ வகை வேலைக்கு முழு அறிக்கை வேண்டுமா, வேண்டாவா என்று நிர்ணயித்தல்.

இரண்டாவது, எல்லை வகுத்தல்: எவையெவற்றை ஆராய வேண்டும் என்று நிபுணர் குழு குறித்துக் கொடுத்தல்.

மூன்றாவது, மக்கள் கருத்தறிதல்: வேலை நடக்கும் இடத்திலோ அதற்கு அண்மையிலோ கூட்டம் நடத்துவதோடு, எழுத்து மூலமான அபிப்பிராயங்களையும் பெறுதல்.

நான்காவது, பரிசீலனை: அறிக்கையையும் மக்கள் சொன்னவற்றையும் நிபுணர் குழு பார்த்துச் சிபாரிசு செய்தல்.

இவற்றுள் கிராமவாசிகளுக்கு நேரடியாக உரியது மூன்றாவது படி. கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும்; ஜில்லா கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாட்களுக்கு முன் பத்திரிகைகளில் அறிவிப்பு வெளிவர வேண்டும். அவற்றுள் ஒன்று பிரதேச மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ், பஞ்சாயத்து அலுவலகம் முதலிய இடங்களில் அறிக்கையைப் பார்வையிடலாம். கூட்ட நடவடிக்கைகள் படம் பிடிக்கப்படும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பு உள்ளூர் மொழியில் படித்துக் காட்டப்பட வேண்டும்.

இரு விஷயங்களை நினைவில் வைத்தல் நலம். கூட்டத்திற்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்த எண்ணிக்கை கிடையாது. ஐந்து பேரே வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். அன்றியும், அங்கே வோட்டு எடுப்பதில்லை. உரத்த குரலைக் காட்டிலும், குறிப்பில் பதிவாகும் தெளிவான கேள்விக்கே மதிப்பு அதிகம். அதற்கு விண்ணப்பதாரர் பதில் சொல்லியாக வேண்டும்.

அனுமதி வழங்கப்பட்ட பின் குறையுடையோர், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாட்கள் வரை தவணை உண்டு. அதற்கு மேல் இல்லை. தென்னிந்தியாவுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. சில வகை வேலைகளுக்கு மக்கள் கருத்தறியும் கூட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆதலின் குறிப்பிட்ட வேலைக்கு எந்த விதி பொருந்தும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இதே ஜில்லாவில் கிள்ளியூர்த் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்க மத்திய சர்க்கார் நிறுவனம் ஒன்று உத்தேசித்து, 2024 அக்டோபரில் மக்கள் கருத்தறியும் கூட்டம் அறிவிக்கப்பட்டது. கடலோர மக்கள் பெருமளவில் எதிர்த்தனர், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வேலை துவங்குமுன் கேட்கப்படும் குரலுக்குச் செவி உண்டு என்பதற்கு இது அண்மைக்கால அடையாளம்.

8. அறிக்கையை வாசிக்கும் முறை

மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிப்பவர் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் வேலையைத் துவங்க விரும்புகிறவரே. கடன் கேட்பவரே தம் சொத்து மதிப்பை எழுதிக் கொடுத்தால் சங்கம் எவ்வளவு கவனத்துடன் அதை வாசிக்குமோ, அவ்வளவு கவனம் இங்கும் தேவை. பின்வரும் ஐந்து இடங்களை முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது, அளவுகள் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை? பெரும்பாலான வேலைகளுக்கு, மழைக்காலம் நீங்கிய ஒரு பருவத்தின் அளவுகளே போதுமெனக் கொள்வது வழக்கம். பல ஊர்களுக்கு இது பொருந்தலாம். ஆரல்வாய்மொழியிலோ காற்று உக்கிரமாக வீசுவது தென்மேற்குப் பருவத்திலேயே. சிற்றோடைகள் ஓடுவதும் மழைக்காலத்திலேயே. மாசி மாதத்தில் தூசை அளந்தவர் ஆடி மாதத்துத் தூசைக் காணமாட்டார். பங்குனியில் வந்தவர் ஓடையைப் பார்த்து வறண்ட பள்ளம் என்று எழுதிவிடுவார். இது பொய்யாகாது, ஆனால் முழு உண்மையுமாகாது. இக்குறையை உள்ளூரார் ஒருவரே கண்டுபிடிக்கக் கூடும்.

இரண்டாவது, படத்தில் எல்லாக் குளங்களும் ஓடைகளும் காட்டப்பட்டிருக்கின்றனவா? பெயரில்லாத ஓடை படத்தில் இல்லையேல், சட்டத்தின் கண்ணில் அது இல்லாததே.

மூன்றாவது, வேறு இடமோ வேறு முறையோ ஆராயப்பட்டதா?

நான்காவது, அருகிலுள்ள ஏனைய வேலைகளையும் சேர்த்துத் திரள் விளைவு கணக்கிடப்பட்டதா?

ஐந்தாவது, தீமையைக் குறைப்பதாகச் சொல்லும் ஏற்பாட்டிற்குப் பணம் எவ்வளவு, நிறைவேற்றுபவர் யார், மேற்பார்வை செய்பவர் யார்? “மரம் நடப்படும்” என்பது வாக்கியம். எந்த மரம், எங்கே, தண்ணீர் யார் விடுவார் என்பதே ஏற்பாடு.

9. சங்கம் செய்யத்தக்கது

வழக்காடுவதோ போராட்டம் நடத்துவதோ கூட்டுறவுச் சங்கத்தின் தொழிலன்று. அதன் அங்கத்தினர்களுக்குள்ளேயே காற்றாலைக்கு நிலம் கொடுத்தவரும், சூளை நடத்துபவரும், சுரங்கத்தில் கூலி வேலை செய்பவரும், கடைமடையில் நெல் விளைப்பவரும் இருக்கிறார்கள். ஒருவர் வருமானம் மற்றவர் வருத்தமாக இருக்கும் இடத்தில், இருவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசக்கூடிய ஸ்தாபனம் கிராமத்தில் சங்கத்தைப் போல் வேறு அதிகமில்லை. பகை முற்றுவதற்கு முன் உண்மையை நிலைநாட்டுவது அதனால் கூடும்.

அதற்குச் செலவு அதிகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் ஊரின் ஒவ்வொரு குளத்தின் பெயர், வரத்துக் கால், மடை, மறுகால், அது பாயும் ஏக்கர் ஆகியவற்றை எழுதலாம். எந்த வருஷம் எந்த மாதம் குளம் நிரம்பியது என்று குறிக்கலாம். தேர்ந்தெடுத்த சில கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை கயிறு விட்டு அளந்து அடிக்கணக்கில் எழுதலாம். ஓடைகள் எத்தனை நாள் ஓடின, காற்று எப்போது துவங்கி எப்போது அடங்கிற்று, எந்தப் போகத்தில் எத்தனை கோட்டை நெல் கண்டது என்பவற்றையும் சேர்க்கலாம். முதியோரிடம் கேட்டுப் பழைய ஓடைகளின் பெயர்களைப் பதிவது மிக அவசியம். அவர்களோடு அப்பெயர்களும் மறைந்துவிடும்.

ஐந்து வருஷக் குறிப்பு இருக்குமாயின், எந்த அறிக்கைக்கு முன்பும் அதை எடுத்துக் காட்டலாம். குறிப்பு இல்லாத ஊரில், வேலை முடிந்த பின் கிணறு வற்றினால் அது முன்பே வற்றியிருந்ததாகச் சொல்லிவிடுவார்கள். மறுப்பதற்கு ஆதாரம் இராது. பழைய நிலை எழுதப்பட்டிருந்தால்தான் புதிய நஷ்டம் நிரூபணமாகும்.

பிறர் வேலையை ஆராய்வது போலவே சங்கம் தன் வேலையையும் ஆராய்தல் நேர்மை. உதாரணமாக, ஒரு சங்கம் கிட்டங்கியும் நெல் உலர்த்தும் களமும் கட்ட எண்ணுகிறது என்று கொள்வோம். மலிவாகக் கிடைக்கும் நிலம் குளத்தின் உள்வாயை ஒட்டியிருக்கலாம். அங்கே மண் நிரப்பினால் எத்தனை வயலின் நீர் தடைப்படும், மழை நீர் எங்கே திரும்பும், வேறு இடம் உண்டா என்று ஒரு தாளில் எழுதி மகாசபையில் வாசித்த பிறகே தீர்மானம் செய்ய வேண்டும். சிறு வேலையில் பழகிய வழக்கமே பெரு வேலையில் துணிவைத் தரும்.

10. சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

(1) கடன் விசாரணைக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்கும் உள்ள ஒற்றுமை யாது? வேற்றுமை யாது?

(2) உங்கள் ஊரில் கடந்த இருபது வருஷங்களில் நடந்த ஒரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டு, அதனால் லாபம் அடைந்தோர் யார், நஷ்டம் அடைந்தோர் யார் என்று இரு பத்திகளில் எழுதுக. துவங்குமுன் எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நஷ்டம் குறைந்திருக்கும்?

(3) காற்றாலைக்கு நிலம் குத்தகைக்கு விடும் ஓர் அங்கத்தினர், ஒப்பந்தத்தில் ஓடைகளைப் பற்றி என்ன நிபந்தனைகள் சேர்க்க வேண்டும்?

(4) மாசி மாதத்தில் எடுத்த அளவுகளைக் கொண்டு ஆரல்வாய்மொழியில் ஒரு கற்சுரங்கத்தின் தூசைத் தீர்மானிப்பது ஏன் போதாது?

(5) உங்கள் ஊர்க் குளத்திற்கு நீர் வரும் ஓடைகள் எத்தனை? அவற்றின் பெயர்கள் யாவை? அவற்றுள் இப்போது நீர் ஓடாதது எது, எந்த வருஷம் முதல்?

ஐந்தாம் வினாவுக்கு வரும் விடைகளைச் சங்கக் காரியதரிசி அன்றே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வாராக.